தானே வடிந்துகொள்ளும் குழாய்

கடலூர் முதுநகர் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் ஃபேக்டரிகளில் உலோகக் கேன்களில் தண்ணீர் பிடித்து, பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்த உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். கேனை விளிம்புவரை நிரப்புவதில்லை. 100 லிட்டர் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 109 லிட்டர் இடம் கேட்கும். கேனின் வாய் திறந்திருப்பதால் அந்த 9 லிட்டரும் மேல்நோக்கி ஏறிவிடுகிறது. அதே தண்ணீர் இரண்டு பக்கமும் அடைபட்ட குழாய்க்குள் உறைந்தால் போக்கிடம் கிடையாது.

மைனஸ் 5 டிகிரியில், விரிய வழியே இல்லாத தண்ணீர் உறையும்போது அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 600 கிலோ வரை ஏற முடியும். நாம் ஹார்டுவேர் கடையில் வாங்கும் பிவிசி பைப்பின் மேல் 6 கிலோ, 10 கிலோ என்றுதான் அச்சடித்திருக்கும். குளிர்நாடுகளில் செம்புக் குழாயும் இரும்புக் குழாயும்கூடப் பிளந்துபோவதற்குக் காரணம் இதுதான். குழாய் பெரும்பாலும் ஐஸ் கட்டிய இடத்தில் வெடிப்பதில்லை. நடுவில் எங்கோ ஐஸ் அடைப்பு உண்டாகி, வளர்ந்துகொண்டே போய், தனக்கும் மூடியிருக்கும் குழாய் வாய்க்கும் இடையில் மாட்டிய தண்ணீரை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட அந்தத் தண்ணீர்தான் குழாயைக் கிழிக்கிறது. 1990களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகள், வெளியே வெப்பநிலை மைனஸ் 7 டிகிரியை ஒட்டி இறங்கும்போது காப்பில்லாத குழாய்களுக்கு ஆபத்து தொடங்குவதாகக் காட்டின.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது தொலைதூரச் சங்கதி அல்ல. பிரான்சில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உள்ள குடும்பங்கள் இங்கே ஏராளம். அங்கே வீட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்துக் குழாய் இருந்தால், அதைக் குளிர்காலத்துக்குத் தயார்ப்படுத்துவது ஆண்டுதோறும் தப்பாத வேலை.

குளிரோடு மல்லுக்கட்டி, குழாயைச் சூடாக்கிக்கொண்டே இருப்பது ஒரு வழி. அதைவிடச் சிக்கனமான வழி, குளிர் தொடும் பகுதியில் தண்ணீரே நிற்காமல் பார்த்துக்கொள்வது. மார்கழி விடியற்காலையில் போர் தண்ணீர் வெதுவெதுப்பாக வருவதை நாம் அறிவோம். காற்று குளிர்ந்தாலும் ஆழத்து மண் அவ்வளவு எளிதில் குளிராது. உறைபனி நாடுகளிலும் அப்படித்தான். குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே மண் உறைவதே இல்லை. பிரான்சின் சமவெளிகளில் அந்த ஆழத்தைச் சுமார் அரை மீட்டர் என்றும் மலைப்பகுதிகளில் அதற்கு மேலும் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில், வடபகுதியில் அஸ்திவாரம் 5 அடி ஆழத்துக்கு இறங்க வேண்டும் என்கிறது கட்டட விதி.

இதைப் பயன்படுத்திக்கொள்வதுதான் உறையாத தோட்டத்துக் குழாய். அதில் தண்ணீரை மூடும் வால்வு அந்த ஆழத்துக்கும் கீழே இருக்கிறது. தரைக்கு மேல் தெரிவது கைப்பிடியும் தண்ணீர் விழும் மூக்கும் மட்டும். கைப்பிடியிலிருந்து நெடுங்குழாயின் நடுவே ஒரு நீண்ட ராடு இறங்குகிறது. ராடின் அடியில் ரப்பர் பொருத்திய பிளஞ்சர், அதாவது ராடோடு மேலும் கீழும் நகரும் அடைப்பான். வால்வின் உடம்பில், பிளஞ்சர் உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் சிறிய வடிகால் துளை ஒன்று.

கைப்பிடியைத் தூக்கினால் பிளஞ்சர் எழும்பித் தண்ணீருக்கு வழிவிடும். அதே அசைவில் பக்கத்துத் துளையை அடைத்தும் விடும். கைப்பிடியை முழுக்க அழுத்தினால் பிளஞ்சர் கீழே உட்கார்ந்து வரத்தை நிறுத்தும், துளை திறக்கும். குழாயில் மிச்சம் நின்ற தண்ணீர் தன் எடையாலேயே துளை வழியாக மண்ணுக்குள் வடிந்துவிடும். மின்சாரம், ஸ்பிரிங் எதுவும் தேவையில்லை. இவ்வளவு எளிய ஏற்பாடு பல வருடம் உழைப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வடிந்த தண்ணீர் போக இடம் வேண்டும். 1 இன்ச் ஜிஐ பைப், தரைக்குக் கீழே ஒன்றரை மீட்டர், மேலே முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறை மூடும்போதும் சுமார் 1.3 லிட்டர் இறங்கும். அதனால் வால்வைச் சுற்றி ஜல்லிக்குழி போடுகிறார்கள். 60 சென்டிமீட்டர் நீள அகலம், 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் கலக்காத ஜல்லி போட்டால், இடுக்குகள் 40 சதவீதம் என்ற கணக்கில் 43 லிட்டர் பிடிக்கும். களிமண்ணில் தண்ணீர் மெதுவாகத்தான் ஊறும். ஆனாலும் குழாயை முப்பது தடவை திறந்து மூட இந்த இடம் தாங்கும். ஜல்லியின் மேல் வடிகட்டித் துணி விரித்த பிறகே மண்ணை மூட வேண்டும். துணி இல்லையென்றால் சில மழைக்காலங்களில் சேறு இறங்கி இடுக்கையும் துளையையும் அடைத்துவிடும். அதன்பின் அது சாதாரணக் குழாய்தான், முதல் கடுங்குளிரில் பிளக்கும்.

இந்தக் குழாய்கள் கெடுவதற்கு மிகச் சாதாரணமான காரணம், மூக்கில் மாட்டிய ஹோஸைக் கழற்றாமல் விடுவது. தண்ணீர் கீழே இறங்க வேண்டுமானால் மேலிருந்து காற்று உள்ளே வந்தாக வேண்டும். நம் வீட்டு மாடித் தொட்டியின் வெளிவரத்துக் குழாயில், தொட்டியைவிட உயரமாக ஒரு ஏர் பைப் நிற்பதும் இதற்காகத்தான். ஹோஸின் மறுமுனை மூடியிருந்தாலோ தண்ணீர் நிரம்பிக் கிடந்தாலோ காற்றுக்கு வழியில்லை. காற்றழுத்தம் 10 மீட்டர் உயரத் தண்ணீரையே தாங்கிப் பிடிக்கும். குழாயிலுள்ள இரண்டு மீட்டர் அதற்கு ஒரு பொருட்டல்ல. அடித்துளையோ சிறியது, அது வழியாகக் காற்று எளிதில் மேலே ஏறாது. தண்ணீர் அப்படியே நின்று உறைகிறது. ஆகவே முதலில் குழாயை மூடி, உடனே ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். மூக்கில் விரலை லேசாக வைத்தால் காற்று உள்ளே இழுபடுவது தெரியும். அந்த இழுப்பு இருந்தால் குழாய் வடிகிறது.

இரண்டாவது தவறு, கைப்பிடியைப் பாதி தூக்கித் தண்ணீரைச் சிறிதாக ஓடவிடுவது. பாதி நிலையில் வடிகால் துளையும் பாதி திறந்திருக்கும். மேலே ஒரு பங்கு வரும்போது அடியில் இன்னொரு பங்கு ஓடி, குழியைச் சுற்றி மண்ணை அரிக்கும். இந்தக் குழாயை முழுக்கத் திறக்க வேண்டும் அல்லது முழுக்க மூட வேண்டும். வேகத்தைக் குறைக்க ஹோஸ் முனையில் தனி வால்வு போட்டுக்கொள்ளலாம்.

பிளஞ்சர் ரப்பர் தேய்ந்தால் மூடிய பிறகும் தண்ணீர் துளை வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். மூக்கில் சொட்டு விழாததால் யாருக்கும் தெரிவதில்லை, மீட்டர் மட்டும் ஓடும். மூடிவிட்டுக் குழாயில் காதை வைத்தால் சீறல் கேட்கும். முதலில் கைப்பிடியையும் ராடையும் இணைக்கும் திருகைச் சரிசெய்து, பிளஞ்சர் இன்னும் அழுந்த உட்காருகிறதா என்று பார்க்கலாம். கசிவு நிற்கவில்லையென்றால் மெயின் வால்வை மூடி, தலைப்பகுதியைக் கழற்றி, ராடை மேலே உருவி, பிளஞ்சரை மாற்றலாம். பள்ளம் தோண்டத் தேவையில்லை.

சுவரில் பதிக்கும் வகையில் மண்ணுக்குப் பதில் வீட்டின் உட்புறச் சூடு காக்கிறது. திருகு வெளியே, வாஷர் உட்காரும் இடம் சுவரைத் தாண்டி வீட்டுக்குள். இடைக்குழாய் வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருந்தால்தான் தண்ணீர் வடியும். உள்நோக்கிச் சரித்துப் பதித்துவிட்டால் வாங்கியதே வீண். இதிலும் ஹோஸை விட்டுவைத்தால் குழாய் சுவருக்குள்ளேயே பிளக்கும். மூடியிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வசந்தத்தில் திறந்ததும் தண்ணீர் சுவருக்குள் கொட்டும்.

பிரான்சின் பல வீடுகளில் இவற்றுக்குப் பதில், உள்ளே ஒரு அடைப்பு வால்வும் அதன் பக்கத்தில் சின்ன வடிதிருகும் இருக்கும். உள் வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து, ஒரு பாத்திரம் வைத்து வடிதிருகைத் தளர்த்த வேண்டும். சொட்டு நின்றதும் திருகை இறுக்கிவிட்டு, வெளிக்குழாயைக் குளிர்காலம் முழுக்கத் திறந்தே விடலாம். பொருத்தும்போது வால்வின் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்ட வேண்டும். திருப்பிப் போட்டால் வடிதிருகு அழுத்தமுள்ள பக்கம் வந்துவிடும், திறந்ததும் பீய்ச்சும்.

மண்ணுக்குள் வடியும் வகை ஒத்துவராத இடங்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஊர்களின் கிணறுகளில் தண்ணீர் மேலேறி வருவதுபோல நிலத்தடி நீர் வடிதுளைக்கு மேலே ஏறினால், குழாய் காலியாகாது. வெளியிலுள்ள அழுக்குத் தண்ணீரும் துளை வழியாக உள்ளே நுழையும். குடிநீருக்கு இது கூடாது. அப்படிப்பட்ட இடத்துக்கு, வடியும் தண்ணீரை மண்ணில் விடாமல் அடியிலுள்ள மூடிய கலத்தில் சேர்க்கும் வகை இருக்கிறது. அடுத்த முறை திறக்கும்போது, குறுகிய வழியாகப் பாயும் தண்ணீரின் உறிஞ்சல் கலத்தைக் காலி செய்யும். அதற்கு ஒவ்வொரு தடவையும் அரை நிமிடத்துக்குக் குறையாமல் முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். நீண்ட ஹோஸ் மாட்டியிருந்தால் எதிர்ப்பு கூடி உறிஞ்சல் குறையும், கலம் நிரம்பியபடியே நிற்கும். அதனால் வேலை முடிந்ததும் ஹோஸைக் கழற்றிவிட்டு, கடைசி அரை நிமிடம் வெறும் மூக்கு வழியாகத் தண்ணீரை ஓடவிட்ட பிறகே மூட வேண்டும்.