ஒரு தெரு வாகனத்தை எப்படி மெதுவாக்குகிறது?

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 8.3 மீட்டர் நகர்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அதே விநாடியில் 13.9 மீட்டர் நகர்கிறது. தெருவோரம் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு இடையிலிருந்து ஒரு குழந்தை ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநரின் கண் அதைக் கண்டு, மூளை அதைப் புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ ஒன்றரை விநாடி பிடிக்கும். அந்த ஒன்றரை விநாடியில் முதல் கார் 12.5 மீட்டரைக் கடந்திருக்கும். பிரேக் பிடித்த பின், காய்ந்த சாலையில், இன்னும் 5 மீட்டர் ஓடி நின்றுவிடும். ஆக, 18 மீட்டர் தொலைவில் தோன்றிய குழந்தை பிழைத்துக்கொள்கிறது. இரண்டாவது காரோ பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே 20.8 மீட்டர் ஓடிவிடுகிறது. அதாவது குழந்தை நிற்கும் இடத்தை அது சிறிதும் வேகம் குறையாமல், முழு 50 கிலோமீட்டர் வேகத்தோடு அடைகிறது. ஓட்டுநர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மோதலின் கொடுமை இதைவிட வேகமாக வளர்கிறது, ஏனென்றால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியை (வர்க்கத்தை) பொறுத்தது. முப்பதிலிருந்து ஐம்பதுக்குப் போகும்போது ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடியிலிருந்து, தரையில் விழும் வேகம். 50 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ பத்து மீட்டர், மூன்றாம் மாடி உயரம். சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் யோரான் நில்சன் சாலை விபத்துத் தரவுகளிலிருந்து வகுத்த விதி இதையே வேறு விதமாகச் சொல்கிறது: ஒரு சாலையின் சராசரி வேகம் மாறினால், உயிர்ப்பலி கொள்ளும் விபத்துகள் அந்த வேகத்தின் நான்காம் அடுக்கை ஒட்டி மாறுகின்றன. வேகம் ஒரு சதவீதம் கூடினால் இத்தகைய விபத்துகள் சுமார் 4 சதவீதம் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. எதிர்ப்பக்கத்தில், மெதுவாகப் போவதால் நாம் இழப்பது மிகவும் குறைவு. 600 மீட்டர் நீளமுள்ள தெருவை ஐம்பதில் கடக்க 43 விநாடியும் முப்பதில் கடக்க 72 விநாடியும் ஆகும். அரை நிமிடம்கூட முழுதாகப் போவதில்லை.

ஆகவே, குடியிருப்புத் தெருவில் வேகம் முப்பதுக்குள் இருக்க வேண்டும் என்பதில் இன்று அறிவியல் அளவில் பெரிய விவாதம் இல்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992-லேயே முதன்மைச் சாலைகள் தவிர்த்த எல்லாத் தெருக்களுக்கும் 30 என்று விதித்துவிட்டது. சென்னையிலும் 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை குடியிருப்புப் பகுதிகளுக்கு அதே வரம்பை அறிவித்தது. கேள்வியெல்லாம், அந்த எண்ணை வாகனங்கள் எப்படிக் கடைப்பிடிக்கும் என்பதுதான். ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு காவலரை நிறுத்த எந்த நகரத்தாலும் முடியாது.

ஓட்டுநர் தம் வேகத்தைப் பலகையிலிருந்து எடுப்பதைவிடத் தெருவிலிருந்தே அதிகம் எடுக்கிறார். அகலமான, நேரான, தொலைவு வரை பார்வைக்குத் திறந்த சாலையில் ஓரக் காட்சிகள் மெதுவாகவே நகர்வதால், அறுபதில் போனாலும் நாற்பதில் போவது போன்ற உணர்வே ஏற்படும். மரங்களும் மதில்களும் நெருங்கி நிற்கும் ஒடுக்கமான தெருவில் அதே வேகம் அச்சுறுத்தும். ஆகவே ஒரு தெருவின் அகலத்தையும் வளைவையும் வகுக்கும் பொறியாளர், தாம் அறிந்தோ அறியாமலோ, அதன் வேகத்தையும் வகுத்துவிடுகிறார்.

இதை முதலில் தெளிவாகக் கண்டுகொண்டவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். 1971-ஆம் ஆண்டில் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கி, ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்று பொருள்படும் பெயரில் இயக்கம் நடத்தினார்கள். அதற்குச் சற்று முன்பே, 1960-களின் இறுதியில், டெல்ஃப்ட் நகரில் தெருக்களின் வடிவத்தையே மாற்றும் முயற்சி தொடங்கியிருந்தது. நடைபாதைக்கும் வண்டிப் பாதைக்கும் இடையிலிருந்த உயர வேறுபாட்டை நீக்கி, செங்கல் பாவி, நேர்ப்பாதையை மரத்தொட்டிகளாலும் இருக்கைகளாலும் உடைத்து, வண்டி இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி மட்டுமே போகும்படி செய்தார்கள். அத்தகைய தெருவுக்கு ‘வூனெர்ஃப்’, அதாவது குடியிருக்கும் முற்றம், என்று பெயர். 1976-இல் நெதர்லாந்துச் சட்டம் இதை ஏற்றுக்கொண்டது: அங்கே நடப்பவர் தெருவின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம், குழந்தைகள் விளையாடலாம், வண்டி நடைவேகத்தில்தான் போக வேண்டும். தெருவை முற்றமாக நினைப்பது நமக்கும் புதிதில்லை என்பதால், இந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்தமானது.

வேகத்தோடு வண்டிகளின் எண்ணிக்கையும் குறைய வேண்டும். உள்ளூர்த் தெருக்களில் ஓடும் வண்டிகளில் பல அந்தத் தெருவுக்கு வருபவையே அல்ல. முதன்மைச் சாலையின் சிக்னலைத் தவிர்க்கக் குறுக்கு வழியாக நுழைபவை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977-இல் இதற்கு ஓர் எளிய தீர்வு கண்டது. நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு நடந்தோ சைக்கிளிலோ நேராகப் போகலாம், காரில் போவதானால் வெளியே சுற்றுச்சாலைக்கு வந்து மீண்டும் நுழைய வேண்டும் என்று வைத்தது. எந்த வீட்டுக்கும் கார் போகத் தடையில்லை. ஊடே புகுந்து போவது மட்டும் பயனற்றதாகிவிட்டது.

தெருமுனையின் வளைவும் வண்டியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. வண்டி திரும்பும்போது பயணிக்குத் தொந்தரவில்லாத பக்கவாட்டு முடுக்கம் ஏறத்தாழ 3 மீ/வி² என்று கொண்டால், 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 24 கிலோமீட்டரில் திரும்பலாம்; ஆரத்தை 5 மீட்டராகச் சுருக்கினால் 14 கிலோமீட்டருக்கு மேல் போவது கடினம். நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் இடமும் அந்த முனைதான்.

நம் ஊர்களில் அனைவருக்கும் தெரிந்த சாதனம் வேகத்தடை. எளிய மேடு போலத் தோன்றினாலும், அதில் இருக்கும் இயற்பியல் நுட்பமானது. 1927-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன், பின்னாளில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, வளாகத்துக்குள் வண்டிகள் விரைவதைக் கண்டு 1953-இல் இத்தகைய மேடுகளை வடிவமைத்தார். 1970-களில் பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வுக்கூடம் பல வடிவங்களைச் சோதித்து, வண்டி செல்லும் திசையில் 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வட்டவில் வடிவத்தைத் தேர்ந்தது. சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிட்ட நெறிமுறையிலும் இதே வடிவம்தான்: ஆரம் 17 மீட்டர், நீளம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர்.

மேடு ஏன் இவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்? முப்பது சென்டிமீட்டர் நீளத்தில், செங்குத்தாக எழும் மேட்டை ஐம்பதில் தாண்டும் சக்கரம் அதன் மேல் இருப்பது விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குதான். காரின் உடல் தன் வில்களின் (ஸ்பிரிங்குகளின்) மேல் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு முறை ஆடும் இயல்புடையது. அவ்வளவு குறுகிய நேரத்தில் அது மேலெழ அவகாசமே இல்லை. சக்கரம் மட்டும் துள்ளி, வில் அமுங்கி, உள்ளே இருப்பவர் ஒரு தட்டலை உணர்வதோடு சரி. ஆக, குறுகிய மேட்டை மெதுவாகக் கடப்பவர் குலுங்குகிறார். வேகமாகக் கடப்பவர் பல நேரங்களில் அதைவிடக் குறைவாகவே குலுங்குகிறார். விதியை மதிப்பவருக்குத் தண்டனையும் மீறுபவருக்குச் சலுகையும் தரும் அமைப்பு இது. ஸ்கூட்டரில் வருபவருக்கும், ஆட்டோவில் செல்லும் கர்ப்பிணிக்கும், முதுகெலும்பு நலிந்த முதியவருக்கும் அது வலியாகவே வந்து சேர்கிறது; வண்ணம் பூசாத மேடானால் இரவில் உயிருக்கே ஆபத்து.

நீண்ட வட்டவில் மேட்டில் நிலைமை தலைகீழ். மணிக்கு 25 கிலோமீட்டரில் அதைக் கடக்க அரை விநாடிக்குச் சற்று மேலாகிறது. காரின் உடல் முழுவதும் ஏறி இறங்க அது போதும். 17 மீட்டர் ஆர வளைவின் மேல் 25-இல் செல்லும்போது கீழ்நோக்கித் தேவைப்படும் முடுக்கம் 2.8 மீ/வி², புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வேகம் ஏறினால் இது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. மணிக்கு 46 அல்லது 47 கிலோமீட்டரைத் தொடும்போது புவியீர்ப்புக்குச் சமமாகிவிடும். வில்களின் நெகிழ்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அந்த வேகத்தில் சக்கரங்கள் தரையை விட்டு எழத் தொடங்கும், அமர்ந்திருப்பவரும் இருக்கையை விட்டு எழுவார். நிதானமாக வருபவருக்கு மென்மையாகவும் விரைபவருக்குக் கடுமையாகவும் இருக்க வேண்டும் என்ற நியாயம் அந்த வளைவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

ஒற்றை மேடு போதாது. தாண்டியதும் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிப்பார் என்பதால், நூறு மீட்டருக்கு ஒன்று என்ற அளவில் தொடர வேண்டும். ஆம்புலன்ஸ் செல்லும் வழிகளில் சாலையின் முழு அகலத்துக்கும் போடாமல், தனித்தனித் திண்டுகளாக அமைத்தால், சக்கர இடைவெளி அதிகமுள்ள வாகனம் இருபுறமும் கால் வைத்துக் கடந்துவிடும்.

உங்கள் தெருவின் வேகத்தடை முறையானதா என்று பார்க்க ஓர் அளவு நாடாவும் ஒரு கயிறும் போதும். வண்டி செல்லும் திசையில் மேட்டின் மொத்த நீளம் 3.7 மீட்டர் இருக்க வேண்டும். மேட்டின் உச்சியைத் தொடும்படி கயிற்றைச் சமமட்டமாக இழுத்துப் பிடித்தால், விளிம்பில் கயிறு சாலையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உச்சிக்கும் விளிம்புக்கும் சரிபாதியில் கயிற்றுக்கும் மேட்டுக்கும் இடைவெளி இரண்டரை சென்டிமீட்டர், அதாவது மேட்டின் உயரம் ஏழரை சென்டிமீட்டர். இந்த வளைவை ஒரு மரச்சட்டத்தில் வெட்டிக் கொடுத்தால், தார் போடும் தொழிலாளர்களே அதை மேட்டின் மேல் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.