வடிகுழாய் அல்ல, செலுத்துகுழாய்

இதயப் பரிசோதனையில் வைக்கும் கதீற்றர் (catheter) என்ற மெல்லிய குழாயை ‘வடிகுழாய்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பிழையான சொல் இது. அக்கரைப்பற்று வயல்காரருக்கு வடிச்சல் என்றால் நின்ற தண்ணீர் வெளியே போவது. வாட்டில் சலம் போக வைக்கும் குழாய்க்கு அது சரி. இதயத்துக்குப் போகும், 2 மி.மீ. பருமனும் 100 செ.மீ. அளவு நீளமும் கொண்ட குழாய் எதையும் வடிப்பதில்லை. அதனூடே சாயம் உள்ளே போகிறது, அழுத்தம் அளக்கப்படுகிறது.

மூலச்சொல் கிரேக்கம், கீழே இறக்குதல், உள்ளே விடுதல் என்பது பொருள்.

1929இல் ஜெர்மனியில் வேர்னர் ஃபோர்ஸ்மன் என்ற மருத்துவர் தன் கை நாளம் வழியே இதயம் வரை விட்டது சிறுநீர்வழிக் குழாயைத்தானே என்று வடிகுழாய்க்காரர் கேட்கலாம். உண்மைதான், 65 செ.மீ. விட்டார். ஆனால் அங்கேயும் எதுவும் வடியவில்லை. வேலை மாறினால் சொல்லும் மாறவேண்டும். வடிகுழாய், செலுத்துகுழாய் இரண்டும் வினைத்தொகைதான். வினையைத் தெரிவதில்தான் பிழை. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பு இப்படித்தான் முடியும்.

இதயத்துக்குப் போகும் குழாயைத் தொடை இடுக்குத் தமனி வழியாகவும் விடுவார்கள். இதில் அகப்படுபவர் காலுக்கு பைபாஸ் செய்த நோயாளி. ‘வடிகுழாய்’ என்றதும் சலப்பை விசயம் என்று நினைத்து, தொடை இடுக்கில் டாக்ரன் என்ற செயற்கை இழைக் குழாய் தைத்திருப்பதைச் சொல்லாமல் விடலாம். தைத்த அந்த ஒட்டுக் குழாயைச் (graft) சுற்றித் தழும்பு இறுகியிருக்கும். ஊசி போனாலும், செலுத்துகுழாய் நுழைய வைக்கும் உறைக்குழாய் (ஷீத்) மடியும். அதனால் துளையை விரிக்கும் டைலேற்றரைச் சிறிய அளவிலிருந்து படிப்படியாகப் பெருப்பிக்க வேண்டும். குழாய்க்கு வழிகாட்டும் கம்பி, அடைபட்ட பழைய தமனிக்குள் போய் முட்டலாம். செலுத்துகுழாயை வெளியே எடுக்கும்போதும் கம்பி உள்ளே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வளைந்த நுனி தையலில் கொளுவும். பிறகு இரத்தம் நிற்க ஊசி போன இடத்தை அமத்துவதிலும் கவனம்: குறைந்தால் இரத்தம் கசிந்து கட்டியாகும், கூடினால் ஓட்டம் நின்று ஒட்டுக்குள் உறையும். கிருமி பற்றினால் ஒட்டையே கழற்றவேண்டி வரலாம். ஆகவே முதல் தெரிவு மணிக்கட்டு. அங்கும் ஒரு தடை: நெஞ்சு பைபாஸுக்கு அந்தக் கைத் தமனியையே எடுத்திருந்தால் மற்றக் கைதான். இடது மார்புத் தமனியை ஒட்டாக வைத்திருந்தால் இடது மணிக்கட்டு வசதி.

‘ஒட்டு’ நல்ல சொல். ஒட்டு மாங்கன்றை எல்லாருக்கும் தெரியும். ஆனால் சைக்கிள் ரியூப்புக்குப் போடுவதும் ஒட்டுத்தான். ‘நரம்பு’ என்ற பேச்சு வழக்கோ தமனியையும் நாளத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆகவே படிவத்தில் இப்படிக் கேட்கலாம்: “காலுக்கோ நெஞ்சுக்கோ பைபாஸ் செய்ததா? எந்தக் கையில், எந்தக் காலில் இருந்து இரத்தக்குழாய் எடுத்தது? தொடை இடுக்கில் செயற்கைக் குழாய் இருக்கிறதா, எந்தப் பக்கம்?”