சொன்ன விலை எதுவரை நிற்கும்?

1879 அக்டோபர் 1. வேல்ஸின் கார்டிஃப் நகரத்து வான் டீன்ஹோவன் நிறுவனம் நியூயார்க்கிலிருந்த பைர்ன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போட்டது. ஆயிரம் பெட்டி தகரத் தகடு தருகிறோம், விலை இன்னது என்று. கடிதம் கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே தகரச் சந்தையில் பதற்றம். சில நாள்களில் விலை சுமார் 25 சதவீதம் ஏறிவிட்டது. 8ஆம் தேதி கார்டிஃபிலிருந்து இரண்டாம் கடிதம் கிளம்பியது: முன்பு சொன்னது ரத்து.

11ஆம் தேதி முதல் கடிதம் நியூயார்க் சேர்ந்தது. பைர்ன் அன்றே தந்தியில் சம்மதம் சொல்லி, 15ஆம் தேதி கடிதத்திலும் உறுதிப்படுத்தினார்கள். ரத்துக் கடிதம் அவர்கள் கைக்கு வந்தது 20ஆம் தேதி.

தந்தி அடித்த நாளில் விற்கும் எண்ணம் கார்டிஃபில் இல்லவே இல்லை. மூன்று நாள் முன்பே மனம் மாறி, கடிதமும் தபாலில் போய்விட்டது. இருந்தும் 1880இல் நீதிபதி லிண்ட்லி, ஒப்பந்தம் உண்டு என்றே தீர்ப்பளித்தார். முன்மொழிந்தவர் மனதுக்குள் மாறினால் போதாது, மாறிய செய்தி எதிராளியைச் சேர வேண்டும். இல்லாவிட்டால், ஒரு முன்மொழிவை ஏற்றவர் எவரும், ரத்துக் கடிதம் ஏதாவது வழியில் வருகிறதோ என்று காத்திருந்து பார்த்த பிறகுதான் தன் நிலையை அறிய முடியும். அப்படி வியாபாரம் நடக்காது என்பது அவர் வாதம்.

ஏற்புக்கு விதி நேர் எதிர். தபாலில் ஏற்பது பொருத்தமான இடங்களில், சம்மதக் கடிதம் தபாலில் சேர்த்த நொடியே ஒப்பந்தம் பிறந்துவிடும். 1818இல் வந்த ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் வழக்கு தொடங்கிவைத்த வழக்கம் இது. ஆக ஏற்பு அனுப்பும்போதே பலிக்கும், ரத்து போய்ச் சேர்ந்தால்தான் பலிக்கும். முன்மொழிந்தவருக்கு இது பாதகம்தான். ஆனால் அவருக்கு இன்னோர் இடத்தில் ஆங்கிலச் சட்டம் தாராளமாகவே சலுகை தருகிறது.

ஏற்பு நிகழும்வரை எப்போது வேண்டுமானாலும் அவர் பின்வாங்கலாம். ஏலத்தில் விலை கேட்டவர் சுத்தியல் விழுவதற்கு முன் விலகலாம் என்று 1789இலேயே முடிவாகிவிட்டது. 'வெள்ளிக்கிழமை வரை உங்களுக்காக வைத்திருப்பேன்' என்று வாக்குக் கொடுத்திருந்தாலும் வியாழக்கிழமையே விலகலாம். அந்த வாக்குக்கு மறுபயனாக எதிராளி ஏதாவது கொடுத்திருந்தால்தான் அது கட்டும். ஒரு பவுண்டு வாங்கியிருந்தாலும் போதும். ஒன்றும் வாங்காவிட்டால் அது வெறும் பேச்சு.

இதற்கு மறக்க முடியாத உதாரணம் டிக்கின்சன் எதிர் டாட்ஸ். 1874 ஜூன் 10, புதன்கிழமை. டாட்ஸ் தன் வீடுவாசலை 800 பவுண்டுக்குத் தருவதாக டிக்கின்சனுக்கு எழுதிக் கொடுத்தார். வெள்ளி காலை 9 மணி வரை அவகாசம் என்று குறிப்பும் போட்டார். வியாழன் மதியம் டிக்கின்சனின் முகவர் பெர்ரி வந்து, டாட்ஸ் அதை ஆலன் என்பவருக்கு விற்கப் பார்க்கிறார் என்ற தகவலைச் சொன்னார். டிக்கின்சன் அன்று மாலையே டாட்ஸ் தங்கியிருந்த மாமியார் வீட்டுக்கு ஓடி, சம்மதக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். மாமியார் அதை மாப்பிள்ளையிடம் கொடுக்க மறந்துபோனார். வெள்ளி காலை 7 மணிக்கு டார்லிங்டன் ரயில் நிலையத்தில் பெர்ரி டாட்ஸைப் பிடித்து இன்னொரு பிரதியை நீட்டினார். தாமதமாகிவிட்டது, விற்றாயிற்று என்றார் டாட்ஸ். கெடு முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

முதலில் டிக்கின்சன் ஜெயித்தார். 1876இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது: அவகாசம் தந்த வாக்குக்கு மறுபயன் இல்லை, டாட்ஸ் இனி விற்கப்போவதில்லை என்பது, அவரே வாய்விட்டுச் சொன்னதைப் போலத் தெளிவாக டிக்கின்சனுக்குத் தெரிந்திருந்தது. ரத்துச் செய்தியை முன்மொழிந்தவரே சொல்ல வேண்டியதில்லை, மூன்றாம் ஆள் வழியாக வந்தாலும் போதும்.

எனக்கு இந்தத் தீர்ப்பு உவப்பாயில்லை. எவர் சொன்னால் நம்ப வேண்டும்? டீக்கடைப் பேச்சு எந்த இடத்தில் சட்டபூர்வமான அறிவிப்பு ஆகிறது? ஜெர்மன் சிவில் சட்டத்தின் 145ஆம் பிரிவு இந்தச் சிக்கலுக்கே இடம் வைக்கவில்லை: கட்டாது என்று சொல்லி வைக்காத வரை, முன்மொழிவு முன்மொழிந்தவரைக் கட்டும். அவகாச வாக்குக்கும் கட்டும் வலிமை தரலாம் என்று இங்கிலாந்திலேயே சட்டச் சீர்திருத்தக் குழு 1937இல் பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகவில்லை.

முன்மொழிவை எதிராளியே முடித்துவிடவும் முடியும். 1840இல் ரெஞ்ச் தன் பண்ணைக்கு 1000 பவுண்டு கேட்டார், ஹைடு 950 என்று பேரம் பேசினார், ரெஞ்ச் மறுத்தார். உடனே ஹைடு, சரி, 1000க்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். பலிக்கவில்லை. 950 என்ற வார்த்தை பழைய முன்மொழிவைத் தள்ளிவிட்டுத் தன் பங்குக்குப் புதிய ஒன்றை வைத்துவிட்டது. ஆனால் தவணையில் டெலிவரி எடுக்கலாமா என்பது போல வெறுமனே விசாரித்தால் முன்மொழிவுக்குச் சேதமில்லை. இரும்பு விற்பனை பற்றிய 1880ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் அப்படித்தான் முடிவானது. விசாரணைக்கும் பேரத்துக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியது, தந்தி வாசகத்தில் இன்னும் மெல்லியது.

காலமும் வேலையைச் செய்யும். ராம்ஸ்கேட் விக்டோரியா ஹோட்டலின் பங்குகளுக்கு மான்டிஃபியோர் 1864 ஜூனில் விண்ணப்பித்தார். ஒதுக்கீடு நவம்பரில் வந்தது. பங்கு விண்ணப்பம் அவ்வளவு நாள் உயிரோடிருக்காது என்றது நீதிமன்றம். நியாயமான காலம் எவ்வளவு என்பதைப் பொருள்தான் தீர்மானிக்கும்.

மரணத்தைப் பற்றி ஆங்கில வழக்குகள் இன்றும் தெளிவாகப் பேசவில்லை. ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்ட 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் அதை 6ஆம் பிரிவில் ஒரே வரியில் தீர்த்துவைத்தது. முன்மொழிந்தவர் இறந்தாலோ மனநிலை பிறழ்ந்தாலோ முன்மொழிவு முடியும்; ஆனால் ஏற்பவர் ஏற்பதற்கு முன் அந்தச் செய்தி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.