சுட்ட தோட்டாவை மறுபடி சுடலாமா?

"ஏற்கெனவே சுட்ட தோட்டாவில் மருந்து நிரப்பி மறுபடி சுடுகிறார்களாமே, அதை நம்பலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இலக்கு பார்த்துச் சுடுகிறவர்களில், அதுவும் நெடுந்தூரப் போட்டிக்காரர்களில், பலர் இப்படி மறுபடி நிரப்புவதைத்தான், அதாவது ரீலோடிங்கைத்தான், விரும்புகிறார்கள். காசு மிச்சமாவது ஒரு காரணம் மட்டுமே.

தோட்டாவில் நான்கு பாகங்கள்: பொறி கொடுக்கும் ப்ரைமர், புகையில்லா வெடிமருந்து, பறக்கும் குண்டு, இவை மூன்றையும் தாங்கும் பித்தளை உறை. முதல் மூன்றும் ஒவ்வொரு முறையும் புதிது. பழையது உறை மட்டும்தான். அதனால் வாசகரின் கேள்வி உண்மையில் பித்தளையைப் பற்றியது.

இந்தப் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். மருந்து எரியும்போது ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறைக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 4000 மடங்கு வரை போகும். உறை உப்பி அறையின் எஃகுச் சுவரோடு அப்பிக்கொள்கிறது. சூடான வாயு பின்பக்கம் சுடுகிறவரின் முகத்துக்கு வராமல் அடைத்துவிடுகிறது. குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும், அதே உறை மயிரிழை அளவு சுருங்கிப் பிடியை விடவும் வேண்டும், இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும்.

அந்த மயிரிழைச் சுருக்கத்தைத் தீர்மானிப்பது இரண்டு விஷயங்கள். உலோகம் எவ்வளவு வலுவாக இருக்கிறதோ அவ்வளவு திரும்பி வரும். எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாகத் திரும்பும். பித்தளையின் விறைப்பு எஃகில் பாதிதான். ஆக, ஒரே வலுவுள்ள எஃகைவிட இரண்டு மடங்கு சுருங்கும். எனக்கு இதில் பிடித்தது இன்னொன்று: உப்பல் முழுசாகத் திரும்புவதில்லை. சுட்ட உறை அந்தத் துப்பாக்கியின் அறைக்கே அளவெடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் இறுக்கி, மருந்தைத் துல்லியமாக நிறுத்துப் போட்டால், எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்த ஆலைத் தோட்டாவை அது மிஞ்சவும் செய்யும்.

ஆனால் ஒவ்வொரு உப்பலிலும் இறுக்கலிலும் அணு அடுக்குகள் வழுக்கி, படிகக் குறைபாடுகள் ஒன்றோடொன்று சிக்கி, பித்தளை கெட்டிப்படும். கெட்டிப்பட்ட கழுத்து ஒவ்வொரு குண்டையும் ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். பிறகு விரிசல் விடும். கழுத்தை மட்டும் சூடேற்றி இளக்கினால் சரியாகும். அடிப்பகுதி இளகவே கூடாது, பின்பக்க அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். சில புதிய தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலச் சாயல் இந்தச் சூட்டின் தடம்.

பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியா, உறைக்குள் தேங்கியிருந்த இழுவிசையோடு சேர்ந்து செய்த வேலை அது, 1921-இல் விளக்கினார்கள். அங்கேயும் பரிகாரம், மிதமான சூட்டில் அந்த இழுவிசையைத் தளர்த்துவதுதான்.

உறையைவிட ஆபத்தானது கவனக்குறைவு. மருந்தை இரண்டு முறை போட்டால் துப்பாக்கி வெடிக்கலாம். போட மறந்தால் ப்ரைமரின் வேகத்தில் குண்டு குழலிலேயே நின்றுவிடலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் போச்சு.

துல்லியத்தைப் பொறுத்தவரை, வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகும் குண்டுகளுக்குள் 6 மீட்டர் வேக வித்தியாசம் 50 மீட்டரில் தெரியவே தெரியாது. 1000 கஜத்தில் ஏறக்குறைய ஒரு சாண் ஏற்றஇறக்கம். எந்த அளவு மருந்து இந்த வித்தியாசத்தைக் குறைக்கிறது என்று கண்டுபிடிக்க நிறையச் சுட வேண்டும். மூன்று குண்டு ஒரே ஓட்டையில் விழுந்ததும் 'இதுதான் அளவு' என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. குறைவாகச் சுட்டால் பரவல் பெரும்பாலும் சின்னதாகத்தான் தெரியும். என் கணக்கில் அந்த மூன்று குண்டு முடிவு சுத்த மூடநம்பிக்கை.

ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே சுடும் .22 தோட்டாவுக்குத் தனி ப்ரைமர் கிடையாது; பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருப்பதால் நடைமுறையில் மறுபடி நிரப்ப வழியில்லை. அதனால் அந்த வீரர்கள் தங்கள் ரைஃபிளில் ஆலைத் தோட்டாக்களைத் தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, ஒத்துவரும் தொகுதியையே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.