சூதாட்ட எந்திரத்திலிருந்து பிறந்த சோதனை

"ஆன்டிபயாடிக் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கிருமிக்குப் பழகிவிட்டது என்கிறார்களே, அப்படியென்றால் மருந்தைக் கண்டதும்தானே அது தன்னை மாற்றிக்கொள்கிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 1940களில் உயிரியலாளர்களும் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எட்டி எட்டி மேய்ந்ததால் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்டது என்றார் லமார்க். வேறுபாடுகள் முன்பே இருக்கின்றன, சூழல் அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கிறது என்று 1859இல் டார்வின் சொன்னார். பள்ளியில் படித்ததுதான். விலங்குகள் விஷயத்தில் டார்வினை ஏற்றுக்கொண்டவர்களில்கூடப் பலர், பாக்டீரியா என்று வந்தால் லமார்க் பக்கமே நின்றார்கள்.

சரி, எது உண்மை என்று எப்படிச் சோதிப்பது? ஈ.கோலை பாக்டீரியாவை அதைக் கொல்லும் பேஜ் வைரஸோடு சேர்த்துத் தட்டில் பரப்பினால் ஏறக்குறைய எல்லாமே செத்துப்போகும். ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்துப் புள்ளி புள்ளியாக வளரும். அவை வைரஸைச் சந்தித்த பிறகு மாறியவையா, முன்பே மாறியிருந்தவையா என்பது புள்ளியைப் பார்த்தால் தெரியாது.

இத்தாலியிலிருந்து தப்பி அமெரிக்கா வந்திருந்த சால்வடோர் லூரியாவுக்கு விடை கிடைத்த இடம் ஒரு நடன விருந்து. 1943இன் தொடக்கம், இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டன் நகரம். சக ஆசிரியர் ஒருவர் சூதாட்ட எந்திரத்தில் காசு போட்டுக்கொண்டே இருந்தார். பல முறை ஒன்றும் வரவில்லை; திடீரென்று ஒரு முறை கொட்டியது. அந்தக் கொட்டல்தான் லூரியாவுக்குப் பொறி தட்டிய இடம்.

பாக்டீரியா வளரத் தேவையான ஒரே சத்துக் குழம்பைப் பல சின்னக் குழாய்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில பாக்டீரியாக்களை மட்டும் விட்டுத் தனித்தனியே வளர்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு குழாயையும் வைரஸ் தட்டில் கொட்டுகிறோம். வைரஸைக் கண்ட பிறகுதான் மாற்றம் நடக்கிறது என்றால் எல்லாக் குழாய்க்கும் ஒரே வாய்ப்புதான். எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு புள்ளிகள் வரவேண்டும். மாற்றம் முன்பே தற்செயலாக நடக்கிறது என்றால், அது எப்போது நடந்தது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கடைசிப் பெருக்கத்தில் மாறியிருந்தால் தட்டில் ஒரே ஒரு புள்ளி. ஆறு பெருக்கத்துக்கு முன்பே மாறியிருந்தால் அதன் வாரிசுகள் 2, 4, 8, 16, 32, 64 ஆகியிருக்கும். மாற்றமே நடக்காத குழாயில் பூஜ்யம். இதன் கணக்கை, இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்த மாக்ஸ் டெல்புரூக் போட்டுக்கொடுத்தார்.

ஒரு சோதனையில் 20 குழாய்கள். அவற்றில் 11இல் ஒன்றுமே இல்லை. சிலவற்றில் 1, 3, 5, 6. ஒன்றில் 35, இன்னொன்றில் 64, வேறொன்றில் 107! ஒரே குடுவையில் மொத்தமாக வளர்த்து அதிலிருந்து எடுத்த 10 மாதிரிகளிலோ எண்ணிக்கை 13க்கும் 26க்கும் நடுவிலேயே நின்றது. அதாவது மாற்றம் வைரஸைக் காண்பதற்கு முன்பே, தற்செயலாக நடந்திருக்கிறது. இந்த எண்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். கண்ணாடிக் குழாயும் குழம்பும் பொறுமையும் போதும். கோடிக்கணக்கில் கருவி வேண்டாம். நம் கல்லூரிகளில் சின்னச் சின்ன ஆய்வுகளுக்குக் கொஞ்சமாவது பணம் ஒதுக்குங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

அப்புறம் 1952இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் எஸ்தர், ஜோஷுவா லெடர்பெர்க் தம்பதி இதைக் கணக்கே இல்லாமல் கண்ணுக்கே காட்டினார்கள். உருளைக் கட்டையின் தலையில் வெல்வெட் துணியைக் கட்டி, பாக்டீரியா வளர்ந்த தட்டின்மேல் மெல்ல ஒற்றினார்கள். துணியின் நுண்ணிய இழைகள் ஒவ்வொரு இடத்திலிருந்தும் கொஞ்சம் பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளும். அதையே வைரஸ் பூசிய புதிய தட்டுகளில் ரப்பர் ஸ்டாம்ப் போலக் குத்தினார்கள். எல்லாப் பிரதிகளிலும் பிழைத்த புள்ளிகள் அதே அதே இடத்தில் வளர்ந்தன. ஜோஷுவாவுக்கு 1958இல் நோபல் கிடைத்தது, எஸ்தருக்கு இல்லை. எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம்.

பிறகு வைரஸே படாத மூலத் தட்டுக்குத் திரும்பி, அதே இடத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்து வளர்த்து, மறுபடி ஒற்றி, மறுபடி எடுத்தார்கள். கடைசியில் கையில் கிடைத்தது வைரஸை எதிர்க்கும் பாக்டீரியா. அதுவோ, அதன் முன்னோர்களோ அந்தச் சோதனையில் ஒருமுறைகூட வைரஸைத் தொட்டதில்லை.