மெட்டல் கச்சேரிக்குப் பிறகு

திங்கட்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் செவித்திறன் பரிசோதனை மையத்தில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார் அந்தத் தம்பி. வயது 26. சனிக்கிழமை ராத்திரி வாசலில் கட்டிவிட்ட அனுமதிப் பட்டை இன்னும் மணிக்கட்டில் இருந்தது. பெங்களூரில் மெட்டல் என்கிற அதிரடி ராக் இசை நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் சென்னை திரும்பியிருக்கிறார். "காதுல கொய்ங்குன்னு ஒரு சத்தம் மேடம். முன்னாடியும் வந்திருக்கு, தூங்கி எழுந்தா போயிடும். இந்தத் தடவை போகல." கூட வந்த அம்மாவுக்கு ஆற்றாமை. "பஸ்ல வரும்போதும் ஹெட்போன் மாட்டிக்கிட்டு அதே பாட்டத்தான் கேட்டுட்டு வந்திருக்கான்ம்மா."

ஆடியோகிராம் எடுத்தோம். இடது காதில் மற்ற இடமெல்லாம் சரியாக இருக்க, 4000 ஹெர்ட்ஸ் என்கிற உயர் சுருதியில் மட்டும் கோடு 45 டெசிபல் வரை பள்ளமாக இறங்கியிருந்தது. வலது காதில் அதே இடத்தில் சின்னப் பள்ளம். எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். முன்வரிசையில், ஸ்பீக்கர் அடுக்கு இடது கைப்பக்கம் இருக்கும்படி இரண்டரை மணி நேரம் நின்றிருக்கிறார்.

அந்தப் பள்ளம் எங்களுக்குப் பழகிய அடையாளம். நெசவு ஆலை, பட்டறை, ஜெனரேட்டர் அறை என்று சத்தத்தில் வேலை பார்ப்பவர்கள் காதிலும் பெரும்பாலும் 4000 பக்கத்தில்தான் முதலில் பள்ளம் விழும். ச, ஸ, ஃப போன்ற ஒலிகளின் கூர்மை அந்த உயர் சுருதிப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் இப்படிப்பட்டவர்கள் "காது கேக்கல" என்று சொல்லி வருவதில்லை. "கேக்குது, ஆனா கூட்டத்துல பேசினா புரியல" என்பார்கள்.

அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சிலருக்குப் பலன் தெரியும், சிலருக்குத் தெரியாது. நாள் தள்ளத் தள்ள வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். கச்சேரிக்குப் பிறகு ஒரு நாள் கடந்தும் ரீங்காரமோ அடைப்போ போகவில்லை என்றால், இன்னொரு நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். ஒரு காது திடீரென்று மங்கிவிட்டால் அன்றைக்கே போங்கள்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய பள்ளம் 30 டெசிபலுக்கு ஏறியிருந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. அமைதியான அறையில் படுத்தால் ரீங்காரம் கேட்கிறது என்றார்.

நம் உள்காதில், நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது கிடைத்ததுதான், செத்தால் மறுபடி முளைக்காது. கச்சேரி முடிந்து வரும் மந்தம் ஓரிரு நாளில் தெளிந்துவிட்டால் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் ரொம்ப காலம் எங்கள் துறையே நினைத்துக்கொண்டிருந்தது. 2009இல் பாஸ்டனில் ஷாரன் குஜாவாவும் சார்ல்ஸ் லிபர்மனும் எலிகளில் செய்த ஆய்வு அந்த நிம்மதியைக் கெடுத்தது. சத்தம் கேட்ட எலிகளின் கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது, நுண்மயிர்ச் செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முடிச்சுகளில் ஒரு பெரும்பகுதி நிரந்தரமாக அறுந்திருந்தது. மனிதக் காதில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்று இன்னும் ஆராய்கிறார்கள். ஆனாலும் "தூங்கி எழுந்தா போயிடும்" என்று யாராவது சொன்னால் முன்போலத் தலையாட்ட என்னால் முடியவில்லை.

பெங்களூர் அரண்மனை மைதானத்தில் 2007இல் அயர்ன் மெய்டனும் 2011இல் மெட்டாலிகாவும் வாசித்தபோது தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் கிளம்பிப் போனார்கள். இன்றைக்கு அதே ஊரின் சின்னச் சின்ன அரங்குகளில் மெட்டலோடு சேர்ந்து நாய்ஸ் என்கிற பரிசோதனை இசையும் நடக்கிறது. டோக்கியோவைச் சேர்ந்த மசாமி அகிதா 1979இல் மெர்ஸ்போ என்ற பெயரில் தொடங்கி இன்றுவரை செய்துவரும் வகை அது. தாளம், ராகம் எதுவும் இல்லாமல் ஃபீட்பேக்கையும் (ஸ்பீக்கர் ஒலி மைக்கில் திரும்பப் புகுந்து எழும் ஊளை) ஒலியைச் சிதைக்கும் டிஸ்டார்ஷன் பெடல்களையும் வைத்தே எழுப்புகிற ஒலிச்சுவர். "அதைப் போய் இசைன்னு சொல்றாங்க" என்று முகம் சுளிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். அந்தத் தம்பி "ஒரு தடவை வந்து பாருங்க மேடம்" என்று கூப்பிட்டபோது ஒலிமானியை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

மேடையில் ஒரே ஒருவர், முன்னால் மேசை நிறையப் பெடல்கள். முதல் ஐந்து நிமிஷம் வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது. அப்புறம் அந்த இரைச்சலுக்குள்ளேயே அலைகள், சுழல்கள், கீழே ஒரு முனகல் என்று தனித்தனியாகக் கேட்கத் தொடங்கியது. நெஞ்செலும்பு அதிர்ந்தது. பக்கத்தில் ஒரு பெண் கண்ணை மூடி நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஓர் அமைதி. இதற்காக ஏன் இத்தனை தூரம் வருகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

ஒலிமானியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கர் பக்கத்தில் 106 டெசிபல், பின்னால் சவுண்ட் இன்ஜினியரின் மிக்சர் மேசைப் பக்கம் 100, வெளித் தாழ்வாரத்தில் 84. என்னைக் கலவரப்படுத்தியது வேறொன்று. சாதாரணப் பாட்டில் இடைவெளி வரும், தணிந்த இடம் வரும். அங்கே எண் கொஞ்சம் கீழே இறங்கும். இங்கே 40 நிமிஷம் இறங்கவே இல்லை. எல்லா அலைவரிசையும் நிரம்பி, மூச்சு விடாமல் வந்துகொண்டிருந்தது. அடுத்து வந்த டெத் மெட்டல் குழுவிலும் கிட்டத்தட்ட அப்படித்தான், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மட்டும் கொஞ்சம் ஓய்வு.

காதுக்குச் சத்தத்தின் உயரத்தோடு நேரமும் கணக்கு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிஷம். 106இல் 4 நிமிஷம்கூட இல்லை. தினமும் சத்தத்தில் உழைப்பவர்களுக்காகப் போட்ட கணக்கு இது, எப்போதோ ஒரு ராத்திரி போகிறவருக்கு இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்தத் தம்பிக்கு ஒரு ராத்திரிதான் ஆனது. "பத்து நிமிஷத்துல காது பழகிடுச்சு" என்கிறோமே, அதில் ஒரு பங்கு, செல்கள் களைத்துப்போய்க் கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறைவதுதான்.

காதுக்குள் செருகும் இயர்பிளக் போட்டால் இசை செத்துவிடும் என்று எல்லா ரசிகர்களும் சொல்கிறார்கள். மஞ்சள் நிற ஃபோம் பிளக்கைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு; உயர் சுருதிகளை அதிகமாக வெட்டுவதால் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்றே ஃபில்டர் வைத்த பிளக்குகள் இருக்கின்றன. எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய சமமாக 15, 20 டெசிபல் குறைக்கும். இசையின் உருவம் மாறாது. நான் அன்று போட்டிருந்தது அதுதான், நெஞ்செலும்பு அதிர்ந்ததும் அதோடுதான். கீழ்ச்சுருதியின் அதிர்வு உடம்பு வழியாகவும் வருகிறது, பிளக் அதைத் தடுப்பதில்லை.

ஃபோம்தான் கையில் இருக்கிறது என்றால் அதுவும் போதும், சரியாகப் போட்டால். விரலில் வைத்து மெல்லிய குச்சி போல உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே செலுத்தி, அது விரியும்வரை 30 விநாடி விரலால் அழுத்திப் பிடியுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டும் பெரிய பயனில்லை. பஞ்சும் டிஷ்யூவும் வேண்டாம். பாதுகாப்பு இருப்பது போல ஒரு நினைப்பைத்தான் தரும்.

ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நில்லுங்கள். சவுண்ட் இன்ஜினியர் நிற்கும் இடத்தில் ஒலியும் சீராக இருக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் நடுவே வெளியே வந்து கொஞ்சம் நடங்கள். திரும்பும் பஸ்ஸில் ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

எல்லாப் பொறுப்பையும் ரசிகர் தலையில் கட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை. ஸ்விட்சர்லாந்தில் சராசரி 93 டெசிபலைத் தாண்டும் நிகழ்ச்சிகளில் இயர்பிளக்கை இலவசமாகக் கொடுப்பது சட்டம். உலக சுகாதார நிறுவனமும் 2022இல், 15 நிமிஷச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, அரங்கில் காது ஓய்வெடுக்க அமைதியான இடம் வேண்டும் என்று தரவரையறை வெளியிட்டது. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் ஒலிபெருக்கிச் சத்தத்தை அளப்பது வளாகத்தின் எல்லையில், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக. உள்ளே ஸ்பீக்கர் முன்னால் நிற்கும் பிள்ளையின் காதை யார் அளப்பது? டீ-ஷர்ட் விற்கும் மேசையில் ஒரு டப்பா இயர்பிளக் வைக்க அமைப்பாளர்களுக்கு என்ன பெரிய செலவு வந்துவிடும்?

அன்று ராத்திரி தம்பியும் ஃபில்டர் பிளக்தான் போட்டிருந்தார். மிக்சர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டது என்றார். ஊர் திரும்பியதும் மறுபடி ஆடியோகிராம் எடுத்தோம். இடது காது, 4000 ஹெர்ட்ஸ், 30 டெசிபல். பழைய இடத்திலேயே நின்றது.