எடுத்த கால் ஏன் அரிக்கிறது?

சர்க்கரை நோய் முற்றி முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தவர், ராத்திரி பாத்ரூம் போக எழுந்து, இல்லாத காலை ஊன்றி விழுந்துவிடுவதுண்டு. அது அசட்டை இல்லை. மூளைக்குள் இருக்கும் உடம்பின் வரைபடத்தில் அந்தக் கால் இன்னும் அப்படியே இருக்கிறது. இல்லாத கட்டைவிரல் அரிப்பதும், இல்லாத பாதம் முறுக்கி வலிப்பதும் அதனால்தான். புத்தி பேதலித்துவிட்டது என்பார்களோ என்று பயந்து பலர் இதை வெளியே சொல்வதில்லை. நீங்களே கேளுங்கள்: "கால் இருக்கிற மாதிரியே தெரியுதாப்பா?" கேட்டதுமே பாதி பயம் போய்விடும். வாக்கரைக் கட்டிலோடு ஒட்டி, கை எட்டும் தூரத்தில் வையுங்கள்.

இந்த வலிக்குக் கண்ணாடிப் பயிற்சி உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்தது. இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, எடுத்த கால் பின்பக்கம் மறையும்படி உட்கார வேண்டும். நல்ல காலை மெதுவாக அசைத்தபடி பிம்பத்தையே பார்க்க வேண்டும். தினம் 15 நிமிடம், நான்கு வாரம். எல்லோருக்கும் கேட்பதில்லை, வலி கூடினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்டம்ப்பை, அதாவது எடுத்தது போக மிஞ்சிய காலின் நுனியை, அவர் பார்க்க மறுப்பார். கட்டு மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். வற்புறுத்த வேண்டாம், ஆனால் புண் ஆறியதும் கழுவுவதும் தடவுவதும் அவர் கையாலேயே நடக்கட்டும். தடவுவதற்கு முதலில் பஞ்சு, பிறகு மெல்லிய துணி, பிறகு துண்டு என ஐந்தைந்து நிமிடம். 4 அங்குல கிரேப் பேண்டேஜை (இழுபடும் கட்டுத்துணி) 8 என்ற எண்ணின் வடிவில் சுற்றச் சொல்லிக்கொடுங்கள்: நுனியில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துச் சுற்ற வேண்டும். வளையம் வளையமாகச் சுற்றினால் ரத்த ஓட்டம் தடைபட்டு நுனி குமிழாக வீங்கும். அப்புறம் செயற்கைக்கால் பொருந்தாது.

பாசத்தில் செய்யும் தவறு ஒன்று, முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. சுகமாகத்தான் இருக்கும், ஆனால் சில வாரங்களில் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். காலை நீட்டியே வைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, "நீங்க சும்மா உக்காருங்க" என்பது. நாற்பது வருடம் கடை நடத்தியவருக்குக் காலோடு கல்லாவும் போனதுபோல் ஆகிவிடுகிறது. கணக்கு நோட்டை முதல் வாரமே அவர் மடியில் வையுங்கள். செயற்கைக்கால் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். "இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஒருமுறை சொன்னாலும் நாள் கடத்தாதீர்கள், தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி-மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

செயற்கைக்கால் வந்த சில மாதங்களில் தொளதொளக்கும். ஸ்டம்ப் சுருங்குவதால் வருவது அது. முதலில் ஸ்டம்ப்பில் காலுறை ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள். மூன்று நான்கு போட்டும் ஆடினால் மூலையில் சாத்திவிடாமல் செய்துகொடுத்த இடத்துக்கே எடுத்துப் போங்கள்; பெரும்பாலும் சாக்கெட்டை (ஸ்டம்ப் உள்ளே பொருந்தும் கிண்ணத்தை) மட்டும் மாற்றினால் போதும்.